எங்கள் தெருவுக்கே ஒரே நம்பர்

அவைக்குத் தலைமை தாங்கி அமைதியாய் அமர்ந்திருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே! அவர் பக்கத்தில் அடக்கமாய் வீற்றிருக்கும் மேலாளர் அவர்களே! கால் கடுக்க நின்றாலும் முகம் கடுக்காமல் பில் போடும் தங்கைமார்களே! ஒரு சோப்பு வாங்க வந்து ஒரு வண்டி சாமான் தள்ளிப் போகும் பெரியோர்களே! விலையைக் கேட்டு விழி பிதுங்கினாலும் வீட்டை வாடவிடாத தாய்மார்களே! என் தெருவின் கண்மணிகளே! அத்தனை பேருக்கும் என் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

இந்தக் கடையில் பில் போடப் போனால் முதலில் என்ன கேட்பார்கள்? காசா? இல்லை. "போன் நம்பர் சொல்லுங்க!" சொன்னோம். சொன்ன நம்பர் எங்கே போனது? யார் கையில் விழுந்தது? நாம் கேட்டோமா? கேட்கவில்லை. கேட்க வைத்தது ஒரு போன்.

எங்கள் எதிர்வீட்டுத் தையல்காரிக்குச் சர்க்கரை நோய் வந்தது. அவள் கணவர் இதய அறுவை முடிந்து படுக்கையில் கிடந்த நேரம். மனுஷன் கலங்கிவிடக் கூடாதே என்று அவள் மூச்சு விடவில்லை. இங்கே மருந்துப் பகுதியில் மாத்திரை வாங்கினாள், வீட்டு நம்பரைச் சொன்னாள். அந்த வாரமே போன் அடித்தது. எடுத்தவர் கணவர்! "சார், உங்க வீட்டம்மாவுக்குச் சுகராமே? ஒரு இன்சூரன்ஸ் போட்டுடலாமா?" என்றது ஏதோ ஒரு குரல். கட்டியவள் கட்டிக்காத்த ரகசியத்தை முகம் தெரியாதவன் அவிழ்த்தால், அந்த வீட்டில் உலையா கொதிக்கும்? உள்ளமல்லவா கொதிக்கும்!

அழுதுகொண்டு நின்றவளிடமும், கூடிவிட்ட பெண்களிடமும் நான் சொன்னேன்: "இனிமே எல்லாரும் என் நம்பரைச் சொல்லுங்கடி. எனக்கு மறைக்க என்ன இருக்கு?"

சொன்னார்கள் ஐயா, தெரு திரண்டு சொன்னார்கள்! கம்பெனியின் கணினி என்ன கண்டது தெரியுமா? இந்த அம்மாளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. காலையில் தாடி மழிக்கிறாள். கன்றுக்குட்டி அளவில் நாய் வளர்க்கிறாள். மாலையில் உடற்பயிற்சி செய்து தோள் பெருக்குகிறாள்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். எனக்கு வந்த சலுகைச் செய்திகளைப் படித்து நானே என் தாடையைத் தடவிப் பார்த்தேன்! என்ன பின்வரிசையில் முணுமுணுப்பு? நாய் யாருடையதா? அதைச் சொல்ல மாட்டேன். அதற்குத்தானே இவ்வளவு பாடு!

சிரிப்பு அதோடு நிற்கவில்லை. தலைமை அலுவலகத்தில் டேட்டா பிரிவில் வேலை பார்ப்பவள் என் பேத்தி. எந்தக் கிளையில் எது எவ்வளவு விற்கும் என்று கணித்துச் சொல்வது அவள் வேலை. அவளைக் கூப்பிட்டு மேலாளர் உத்தரவிட்டார்: "இந்த நம்பர்ல ஏதோ மோசடி நடக்குது. யாருதுன்னு நாளைக்குக் காலைல சொல்லணும்."

முகம் வெளுத்து வந்தாள் குழந்தை.

"பாட்டி, உன் நம்பர் என் ஸ்கிரீன்ல வந்து நிக்குது."

"நின்னா கால் வலிக்கும்டி. உக்காரச் சொல்லு."

"விளையாடாத! சொன்னா நம்ம தெருவே மாட்டும். சொல்லலன்னா என் வேலை போயிடும்."

எந்த வேலை? அவள் அப்பன் இல்லாத வீட்டில் அடுப்பெரிய வைக்கும் வேலை! நான் சொன்னேன்: "நீ எதுக்குச் சொல்லணும்? நானே வந்து சொல்றேன்."

மறுநாள் தெருப் பெண்கள் எல்லாரும் திரண்டு தலைமை அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடி அறை, சுற்றுகிற நாற்காலி, எலும்பில் இறங்கும் ஏசிக் குளிர். மேலாளர், "யாரும்மா நீங்கள்லாம்?" என்றார். "நீங்க தேடுற ஆள்தான் சார். தாடியைக் காலைலதான் எடுத்தேன்" என்றேன். மேலாளர் அவர்களே, அன்று உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று வருகிறது, மகிழ்ச்சி!

அப்போது தையல்காரி முன்னால் வந்தாள். "என் புருஷன்கிட்ட நான் சொல்லாததை உங்க கடை சொல்லிடுச்சு சார்" என்றாள். அவ்வளவுதான்.

அந்த அறையில் ஓரமாய் உட்கார்ந்திருந்த என் பேத்தி எழுந்தாள். "சார், கைக்குழந்தைப் பால் பவுடர் எந்தக் கிளையில தீரப்போகுது, மழை நாள்ல எவ்வளவு ரொட்டி மிஞ்சும், எல்லாம் கணிக்கலாம். அதுக்கு எவ்வளவு போச்சுன்னு தெரிஞ்சா போதும். யார் வாங்கினாங்கன்னு தெரிய வேணாம். வாங்கினவங்க பேரை வெளியே வித்தோம். அதான் பொய் வந்து குவியுது."

"உங்க பாட்டியைக் காப்பாத்தப் பேசுறியாம்மா?"

"இல்ல சார். நம்ம கடையைக் காப்பாத்தப் பேசுறேன்."

தாய்மார்களே, பெற்ற வயிறு குளிரும் என்பார்கள்; அன்று பெற்றவளைப் பெற்ற வயிறே குளிர்ந்தது!

மேலாளர் தலைவரிடம் போனார். தலைவர் தயங்கவில்லை. விவரம் விற்பது நின்றது! மருந்து வாங்கினால் நம்பர் கேட்பது நின்றது! மற்றதற்கும் விரும்பினால் மட்டும் சொல்லலாம், சொன்னதை எப்போது வேண்டுமானாலும் அழிக்கச் சொல்லலாம் என்று ஆனது! கடை கவிழ்ந்ததா? கணக்கு குழம்பியதா? இல்லை ஐயா, இல்லை! குப்பைக்குப் போகும் ரொட்டி குறைந்தது. பால் பவுடர் தேடி அலையும் தாய் குறைந்தாள். வேலை போகும் என்று நடுங்கிய என் பேத்தி இன்று அந்தப் பிரிவுக்கே தலைவி! எழுந்து நில்லடி, தங்கமே, எல்லோரும் பார்க்கட்டும்!

இன்னும் ஒன்று. இன்று காலை தையல்காரி எனக்கு முன்னால் பில் போட்டாள். பில் போடும் பெண், "விருப்பமிருந்தா நம்பர் சொல்லலாம்க்கா, இல்லன்னாலும் பரவாயில்ல" என்றாள். தையல்காரி கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் சொந்த நம்பரைச் சொன்னாள்! விருப்பம் கேட்காமல் எடுத்தபோது ஒளித்தவள், கேட்டுவிட்டுக் காத்து நின்றபோது கொடுத்தாள்! வணிகப் பெருமக்களே, கோடி பேரின் விவரத்தை வலை போட்டு அள்ளலாம்; ஒருத்தியின் நம்பிக்கையை அப்படி அள்ள முடியுமா? அதை இந்தக் கடை கேட்டுப் பெற்றிருக்கிறது!

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கும், தட்டிச் சிவந்த உங்கள் கைகளுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். வணக்கம்!