லைட்டு எரிஞ்சாலும் இருமல்

வடலூர் ரோட்டு மெக்கானிக் ஷெட்டில் இருந்தவர்கள் இவர்கள். மெக்கானிக். பழைய கார் கொண்டுவந்த, அனல் மின் நிலையத்துக் காண்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர். அவர் சம்சாரம். அவள் தோளில் இளைப்பு உள்ள சின்னப் பெண். பஞ்சர் ஒட்ட வந்த நான்.

"அண்ணே, கண்ணாடி ஏத்திக்கினுதான் ஓட்டுறேன். அப்பவும் சாம்பல் உள்ள வருது. புள்ள இருமுது."

"வெளிக்காத்த அடைக்கிற பட்டன அமுக்குனீங்களா?"

"ஏறுனதும் அதான் முதல் வேலை. லைட்டும் எரியுது."

மெக்கானிக் பட்டனை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தார். லைட் எரிந்தது, அணைந்தது. உள்ளே வெளிக்காற்றை அடைக்கும் தகடு டக்கென்று அசைந்தது.

"எல்லாம் வேலை செய்யுதே. ஒண்ணும் புரியலையே."

"எனக்குப் புரிஞ்சா உங்ககிட்ட ஏன் வர்றேன்?"

"நடுவுல யாராச்சும் கழட்டுனாங்களா?"

"போன வருஷம் வேற ஷெட்டுல அந்தத் தகட்ட ஆட்டுற மோட்டார மாத்துனோம்."

அந்தம்மா சொன்னாள். "நேத்து முத்தாண்டிக்குப்பம் போவ சொல்ல லைட்டு எரிஞ்சுது. புள்ள பதினாலு தடவ இருமுனா. எண்ணினேன். திரும்பி வர சொல்ல இவரு பட்டன அமுக்க மறந்துட்டாரு."

"அதுக்குத்தான் வழியெல்லாம் திட்டுனியே."

மெக்கானிக் நிமிர்ந்தார். "மோட்டார தலகீழா மாட்டிட்டானோ? வர சொல்ல எத்தனை தடவம்மா இருமுனா?"

"மூணு."