குர்திஸ்தானுக்கு ஒரு மேசை

மல்வேர்ன் போகும் பஸ்ஸில் என் முன்னிருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். மூத்தவரின் மடியில் ஒரு வெறும் ட்ரே.

“இண்டைக்குக் குர்திஸ்தானுக்கு நான்தான் இடம் குடுத்தனான்.”

“என்னக்கா விசர்க்கதை?”

“பிள்ளையின்ரை ஸ்கூலிலை சாப்பாட்டு விழா. நாட்டுக்கு ஒரு மேசை. ஒரு குர்திஷ்காரி சோத்துச் சட்டியோடை வந்தாள். ‘அப்பிடியொரு நாடு லிஸ்ற்றிலை இல்லை, துருக்கி மேசையிலை வையுங்கோ’ எண்டு ரீச்சர் சொல்லிப்போட்டா. அவள் அழாத குறை. நான் என்ரை ஸ்ரீலங்கா அட்டையைத் திருப்பி, பின்பக்கத்திலை ‘குர்திஸ்தான்’ எண்டு பெரிசா எழுதி, என்ரை மேசையிலை பாதியைக் குடுத்தன்.”

“அப்ப உங்களுக்கு அட்டை?”

“எங்கடை வடைக்கு அட்டை என்னத்துக்கு? முதல் முடிஞ்சதே அதுதான்.”

இளையவர் கொஞ்சம் யோசித்தார். “எண்டாலும் அக்கா, தனிநாடு கேட்டால் சண்டைதானே வரும்? நாங்கள் படாததே?”

“கேக்காமல் இருந்த சனத்தை மட்டும் விட்டு வைச்சவங்களே?”

பஸ் ஒரு சிக்னலில் நின்றது.

“பிறகு ரீச்சரும் அவளின்ரை சோத்துக்குக் கோப்பையோடை வந்தா. நாட்டின்ரை பேரைச் சொன்னால்தான் சோறு எண்டு நிண்டன்.”

“சொன்னவாவே?”

“முதல்தரம் அட்டையைப் பாத்து வாசிச்சா. ரெண்டாந்தரம் வரேக்குள்ளை, நான் கேக்க முதலே சொன்னா.”