மாமியார் பேர் வெக்க இருந்த பாசி

இல்லக்கா, நீங்களே சொல்லுங்க... கொளத்துத் தண்ணியில பாசி இல்லன்னு ஒருத்தர் சொன்னா சிரிப்பு வருமா வராதா? கோதண்டராமன் சாரு சொல்றாரு! வேங்கிக்கால்ல எங்களுக்கு டிரெயினிங் குடுக்க வந்துருக்காரு. செடியையும் பாசியையும் கம்ப்யூட்டர வெச்சி எப்படி ஆராயறதுன்னு. சும்மா கேட்டுட்டு வர்றது இல்ல, நம்ம கையாலயே பண்ணணும். ஏசி வேற ஜாஸ்தி, காலு ரெண்டும் வெறைச்சிப் போச்சி...

என்னாது? வழுக்கி உடுதே, அந்தப் பாசியான்னா? அதேதாங்க்கா! நான் காலேஜ்ல தாவரவியல் நடத்தறேன், குணமதின்னு பேரு. அவங்கவங்க ஊர்லேர்ந்து ஒரு பாட்டில் தண்ணி மொதல்லயே அனுப்பிடணும். லேப்ல அதுல இருக்கற உசுருங்களோட டிஎன்ஏவ எழுத்தெழுத்தாப் படிச்சி ஃபைலா குடுப்பாங்க. அத நாம கம்ப்யூட்டர்ல போட்டு, தெரிஞ்ச பாசிங்களோட ஒப்பிட்டு, இது யாரு என்னான்னு கண்டுபிடிக்கணும். பொண்ணு பாக்கப் போறதுக்கு மின்னாடி வெசாரிக்கற மாதிரிதான்.

டிரைவர் அண்ணே, கொஞ்சம் நவுத்துங்கண்ணே! இந்தப் பௌர்ணமிக் கூட்டத்துல... எனக்குப் பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போயி சாப்டணுங்க்கா. நாங்க ஜைனருங்க, இருட்டுனா சாப்ட மாட்டோம்.

என்னா சொன்னேன்... ஹாங், தண்ணி. எங்க கொளத்துல நூல்நூலா, பச்சப்பசேல்னு ஒரு பாசி மெதக்கும்க்கா. யாருமே பாக்காத புதுப்பாசி, எனக்கு நல்லாத் தெரியும். கண்டுபிடிச்சா பேர் வெக்கலாம். 'ஒங்க பேரையே வெக்கறேன் அத்தை'ன்னு சொல்லிதான் இந்த டிரெயினிங்குக்கு வர மாமியார்கிட்ட பர்மிஷனே வாங்குனேன். அவங்க கல்யாணத்துக்கு அழைக்கற மாதிரி வீடு வீடாப் போயி சொல்லிட்டாங்க! நாளைக்கி டிரெயினிங்ல எல்லார் மின்னாடியும் நான் அதக் காட்டியாவணும்.

சரின்னு ஃபைல போட்டா, அது ரோசன பண்ணுது, பண்ணுது... பாக்டீரியா கொஞ்சம் இருக்குதாம், பாசியே இல்லியாம்! எங்கூட டிரெயினிங் வந்த மதிவதனி மாட்டுத் தொட்டித் தண்ணிய கொண்டாந்தா, அவளுக்கு வரிசையா வருது பாசி பேரு. எனக்கு இல்லியாம்! உடுவனா? 'சார், ஒங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு தெரியல'ன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டேன். பஸ் ஏறுனதும் டிரெயினிங் வாட்சப் குரூப்லயும் போட்டேன், லேப்ல என் தண்ணிய மாத்திட்டாங்கன்னு.

பேசிப் பேசி தொண்ட வறண்டு போச்சி. ஒங்களுக்கும் தண்ணி வேணுமா? ஐய, இருங்க இருங்க, அப்படியே குடிக்காதீங்க! வடிகட்டித் தரேன். துணி பையிலயே இருக்குது, மாமியாரு குடுத்தது. இப்டி நாலா மடிச்சி... எங்க வீட்ல வடிகட்டாம ஒரு சொட்டு தொட மாட்டோம். கண்ணுக்குத் தெரியாத உசுருங்க பாவம்ல? துணியில நிக்கறத, எந்தக் கொளத்துல மொண்டமோ அங்கயே பத்திரமா அலசி உட்டுடணும். கைப்பழக்கம்க்கா. லேபுக்குப் பாட்டில் புடிச்ச அன்னிக்கிக்கூட வடிகட்டிதான் ஊத்துனேன். துணியில பச்சப்பசேல்னு நின்னத...

நின்னத...

ஐயய்யோ, அக்கா!

துணியில நின்னதுதாங்க்கா எங்க மாமியாரு! நானே என் கையால அலசி உட்டுட்டு, 'நல்லா இரு'ன்னு வேற சொல்லிட்டு வந்தேனே! குரூப்ல போட்டத அழிச்சிடலாமா... போச்சி, சாரு படிச்சிட்டாரு. இப்ப வீட்டுக்குப் போயி நான் என்னான்னு... அக்கா? எங்க எழுந்துட்டீங்க? பஸ்ஸே இன்னும் நவுரலியே! கீழ்பென்னாத்தூர்னுதான டிக்கெட் வாங்குனீங்க, நடந்தா போப்போறீங்க?

...அங்க நிக்கற சார், நீங்க வாங்க, இங்க சீட்டு காலியாதான் இருக்குது, உக்காருங்க. நீங்களே சொல்லுங்க சார், ஒரு மாமியாரு மருமகளுக்குக் குடுக்கற துணி இவ்ளோ நெருக்கமாவா நெய்ஞ்சிருக்கணும்?