முப்பது விழுக்காடு மழை

நவம்பர் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி பத்து நிமிடம். மலேசியாவில் ஜெலாப்பாங்கிலிருந்து ஈப்போ செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் தொழிற்சாலைச் சீருடையணிந்த இரு பெண்கள் அமர்ந்திருந்தனர். மூத்தவருடைய மகளுக்கு மறுநாள் மாலை வீட்டு வாசலில் நிச்சயதார்த்தம். கூடாரம் போட்டால் சாலையை மறைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். போடாவிட்டால் மழைக்கு அஞ்ச வேண்டும். இளையவர் கைப்பேசியைப் பார்த்துச் சொன்னார்:

“நாளைக்கு முப்பது பெர்சன்ட்டு மழையாம், அக்கா. இந்த போன் சொன்னா நம்பலாம் லா.”

“எப்படிச் சொல்ற?”

“துணி காயப்போடுறதுக்காக செவுத்துல மாட்டியிருக்குற குதிர கேலண்டர்ல எழுதிக்கிட்டு வாரேன். முப்பதுன்னு பத்து நாளு சொல்லிச்சு. அதுல சரியா மூணு நாளு பேஞ்சிச்சு.”

“அப்ப நாளைக்குப் பேயுமா, பேயாதா?”

“அது தெரியாதுக்கா.”

“பேஞ்சா?”

“போன் சொன்னது சரி.”

“பேயலன்னா?”

“அப்பவும் சரிதான். ஒரு நாள வச்சித் தப்பு சொல்ல முடியாது லா. பத்து நாளு பாக்கணும்.”

“எம்மகளுக்குப் பத்து வாட்டியா நிச்சயம் பண்ணுவேன்?”

மூத்தவர் கூடாரக்காரரைத் தொலைபேசியில் அழைத்தார்.

“அண்ணே, டெண்ட்டு கொண்டாந்துருங்க. மழையா? போனுக்கே தெரியலண்ணே.”

பிறகு இளையவரிடம் திரும்பினார்.

“பக்கத்து வீட்டுக்காரர் கத்துனா நீதான் வந்து பேசணும். அந்தக் கேலண்டரையும் கொண்டா.”

மறுநாள் காலை என் நாட்குறிப்பில் ‘முப்பது’ என்று எழுதி, அதன் எதிரே மழை பெய்ததா எனக் குறிக்க ஓர் இடம் விட்டுவைத்தேன். குடையையும் எடுத்துக்கொண்டேன்.