வளைவில் இருந்த கொட்டகை

முதலில் இந்த மேசையை யாராவது ஒரு தடவை துடைத்துவிட்டால் நன்றாக இருக்கும். டீ தம்ளர் வைத்த இடமெல்லாம் பிசுபிசுக்கிறது. பரவாயில்லை, உங்களுக்கு ஆயிரம் வேலை. நான் கையை மடியில் வைத்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன்.

சுரங்கத்துக்குப் போகிற மலைச்சாலைக்கு வடிகால் அமைத்தவன் நான். சாலையை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். மழை பெய்த பிறகும் அது அங்கேயே இருக்க வேண்டுமே, அதற்குத்தான் என்னைப் போன்றவர்கள். சாலையிலிருந்து வரும் சேற்றுத் தண்ணீர் மேலே ஒரு குட்டையில் தங்கும். மண் அடியில் படிந்து தெளிந்த பிறகு, மதகு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வடிகாலில் இறங்கும். அது வேகமெடுக்காமல் இருக்க இடையிடையே கற்களைக் குவித்து வைத்திருந்தேன். கீழே ஓடையில் சேரும்போது அந்தத் தண்ணீரை நீங்கள் தயங்காமல் அள்ளிக் குடிக்கலாம்.

அந்த வடிகாலின் வளைவில், தகரக் கொட்டகையில் என் மைத்துனன் குடியிருந்தான். "என் தம்பிக்கும் ஒரு வழி பண்ணிக் குடுங்க" என்று என் மனைவி உயிரை வாங்கியதால், மேற்பார்வை வேலைக்கு நானே சேர்த்துவிட்டிருந்தேன்.

நல்லவன்தான். சூது வாது தெரியாது. ஆனால் அவன் சாப்பிடுவதைப் பார்த்தால் உங்களுக்கு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. முழங்கைவரை வழியவிட்டு நக்குவான். கடித்த எலும்பு, ஊசிப்போன குழம்பு, தொண்டையைக் காறி வருவது எல்லாம் என் வடிகாலுக்குத்தான். அதே விரலை என் வரைபடத்தில் வைத்து, "இது எங்க வருது மாமா?" என்று கேட்பான். அந்த இடத்தில் எண்ணெய்க் கறை படிந்துவிடும். நான் வீட்டுக்குப் போய்ப் புதிதாக வரைவேன்.

ஒருநாள் வளைவில் என் கற்களைக் காணோம். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். அடுப்பாகி, கரி பிடித்து, பொங்கி வழிந்த கஞ்சியோடு உட்கார்ந்திருந்தன.

"கல்லுதானே மாமா, மலை பூரா கெடக்குது," என்று பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தான்.

கிடக்கிறதுதான். ஆனால் அந்த இடத்தில் கல் இல்லையென்றால் தண்ணீர் வளைவில் திரும்பாது, நேராகக் கரையை அறுக்கும். கொட்டகை நின்றதோ கொட்டி நிரப்பிய மண்ணின்மேல். இது அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வேறு கல் கொண்டுவந்து போட்டிருக்கலாம். போடவில்லை. அவன் எச்சில் விழுந்த அந்தக் குழிக்குள் கையை விட எனக்குக் குமட்டியது.

பிறகு ஒரு பெருமழையில் குட்டை விளிம்புவரை நிறைந்தது. மறுநாள் மதியத்துக்குள் மண் படிந்து தெளிந்துவிட்டது. தூறல் மட்டும் விடவில்லை. மதகருகே நின்று அவனுக்குப் போன் போட்டேன்.

"எங்க மாப்ள இருக்க?"

"கொட்டகைலதான் மாமா. அக்காவும் வந்திருக்கா. நீங்க மூஞ்சியச் சுளிக்கிறீங்களாம், காலைலேர்ந்து எல்லாத்தையும் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவறா."

பாத்திரம் உரசும் சத்தத்துக்கு நடுவே அவள் குரலும் கேட்டது. "ஏங்க, பொழுது சாயறதுக்குள்ள வந்து சமைச்சுடறேன். பசி தாங்குவீங்கல்ல?"

இங்கே நான் தயங்கியிருப்பேன் என்று நினைப்பீர்கள். தயங்கவும் செய்தேன். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் கைகள் அப்போது எதற்குள் இருந்தன என்று யோசித்தேன். அவன் தட்டு, அவன் துப்பிய தரை, அந்த அடுப்பு. அந்தக் கையோடு வந்து எனக்குச் சோறு போடுவாள். நான் வேண்டாம் என்பேன், அவள் அழுவாள். வாழ்நாள் முழுக்க இதையே பேசிக்கொண்டிருக்க முடியுமா, சொல்லுங்கள்.

"தூறல் விடற வரைக்கும் ரெண்டு பேரும் உள்ளயே இருங்க," என்றேன். "நனைஞ்சு சளி புடிச்சுக்கப் போகுது."

பிறகு மதகை முழுவதுமாகத் திறந்தேன்.

கரை அறுந்ததையும் கொட்டகை பள்ளத்தில் சரிந்ததையும் மேலிருந்தே பார்த்தேன். இறங்கிப் போகவில்லை, கீழே ஒரே சேறு. அன்றைக்கு ஓடை கலங்கியதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதை என் தலையில் கட்டாதீர்கள். அது அந்தக் கொட்டகை மண். என் மதகைவிட்டு இறங்கும்போது தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது. இதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.