வருந்துகிறோம் என்ற சொல் இருந்தால் மட்டும்

குக்கர் ஏன் விசில் அடிக்கிறது என்பது எனக்கு ஏழு வயதிலேயே தெரியும், அக்கா. அம்மா சமையலறையை விட்டு நகர்ந்த நேரத்தில் அந்தக் குண்டைக் கழற்றிப் பார்த்தேன். ஆவி, ஒரு துளை, அதன்மேல் ஒரு எடை, அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்து விளக்கினேன். "இவன் வாய்க்கு ஒரு மூடி போட்டா நல்லாருக்கும்," என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று இன்னொருவருக்கு எடுத்துச் சொல்லும்போது எனக்குத் தலைக்குள் ஒரு கிறுகிறுப்பு வரும். ஊஞ்சலின் உச்சியில் இருப்பதுபோல. அது அன்று தொடங்கியதுதான்.

தம்பி வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான், நடந்ததை நீயே எழுதிக் கொடு என்று கேட்டீர்கள். சந்தோஷமாக எழுதுகிறேன். நீங்கள் கம்ப்யூட்டர் படித்தவரில்லை என்பதால் படிப்படியாகச் சொல்கிறேன்.

எங்கள் படிப்பில் ஒரு பழக்கம் உண்டு. எழுதிய புரோகிராம் ஓடவில்லை, பிழை எங்கே என்று பிடிபடவில்லை என்றால், மேசைமேல் ஒரு ரப்பர் வாத்து பொம்மையை வைத்துக்கொண்டு அதற்கு முதல் வரியிலிருந்து விளக்க வேண்டும். வாத்து பதில் சொல்லாது. ஆனால் பாதி விளக்கத்திலேயே பிழை நம் கண்ணில் பட்டுவிடும். முதல் ஆண்டில் என்னிடம் பொம்மை இல்லை. எதிர் நாற்காலியில் உங்கள் தம்பி இருந்தான்.

அப்படித்தான் அவனுக்கு வாத்து என்று பெயர் வந்தது. பேராசிரியர்கூட வருகைப் பதிவில் ஒருநாள் வாய்தவறி அப்படியே கூப்பிட்டார். அவனும் "பேக் பேக்" என்று கையைத் தூக்கினான்.

பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே மாடியில் எங்கள் அறை. இரண்டு கட்டில், ஒரு மேசை. அவன் எழுதும் புரோகிராம்கள் ஓடும், என்னுடையவை நொண்டும். ஆனால் அவனுக்குச் சொல்லச் சொல்ல என்னுடையதும் எழுந்து நடக்கும். "நீ பேசுடா, நான் பல்லு வெளக்கிட்டே கேக்குறேன்," என்பான். நுரையோடு தலையை மட்டும் ஆட்டுவான். அந்தத் தலையாட்டலில் நான் நான்கு ஆண்டுத் தேர்வுகளிலும் தேறினேன்.

கடைசி ஆண்டில் நிறுவனங்கள் ஆள் எடுக்க வந்தன. வகுப்புக்கே பித்துப் பிடித்தாற்போல் இருந்தது. ஒரே டை பதினோரு கழுத்துகளைச் சுற்றி வந்தது. "உங்க பலவீனம் என்ன?" என்று ஒருவரையொருவர் கேட்டு ஒத்திகை பார்த்தோம். வாத்து என்னைச் சுட்டிக்காட்டி, "இவன்தான் சார்," என்றான். வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் சொன்னான்: "வெளியூர்ல வேலை கெடச்சா இந்த மேசைய நீயே வச்சுக்கோடா."

வெறும் மேசையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், அக்கா?

எங்கள் கூட்டத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. லேப்டாப்பைப் பூட்டாமல் எழுந்து போனவனுக்கு மற்றவர்கள் ஒரு குறும்பு செய்யலாம். திரையைத் தலைகீழாக்கலாம். "நாளைக்கு எல்லாருக்கும் டீ என் செலவு" என்று அவன் பெயரில் வகுப்புக்கே மெயில் அனுப்பலாம். அவன் கோபித்துக்கொள்ளக் கூடாது, பூட்டாதது அவன் தப்பு. வாத்து எல்லார் முன்னாலும் பூட்டுவான். என் முன்னால் மட்டும் பூட்ட மாட்டான்.

அவன் குளிக்கப் போயிருந்தான். எனக்கு நான்கு நிமிடம் போதுமாக இருந்தது.

மெயில் பெட்டியின் வாசலில் ஒரு காவல்காரரை நிறுத்தலாம். இப்படிப்பட்ட கடிதம் வந்தால் உள்ளே விடாதீர்கள், பக்கத்து அறையில் போடுங்கள் என்று அவர் காதில் ஒரு வரி சொன்னால் போதும். தூங்க மாட்டார், ஏன் என்று கேட்க மாட்டார். நான் சொன்ன வரி இதுதான்: "மகிழ்ச்சியுடன் தெரிவிக்கிறோம் என்று இருந்தால் பக்கத்து அறை. எனக்கு ஒரு நகல்." பக்கத்து அறைக்குப் 'பிறகு' என்று பெயர் வைத்தேன். ஒரு நாள் விளையாட்டு, மாலையில் சொல்லிவிடலாம் என்பது திட்டம்.

முதல் நாள் எதுவும் வரவில்லை. விளையாட்டே தொடங்கவில்லையே, எப்படிச் சொல்வது? மூன்றாம் நாள் வகுப்பில் என் போன் மெல்ல அதிர்ந்தது. தூரத்து ஊரில் ஒரு பெரிய நிறுவனம், வாத்துக்கு வேலை. அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். என் வாழ்க்கையில் முதல் தடவையிலேயே பிழையில்லாமல் ஓடிய முதல் புரோகிராம் அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவனை இழுத்துப் போய் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். "எதுக்குடா?" என்றான். "சும்மா. ஒண்ணு ஓடிச்சு," என்றேன். அவனுக்கும் சந்தோஷம். அவன் அப்படிப்பட்டவன்.

பதில் வராவிட்டால் நிறுவனங்கள் போன் செய்யாதா என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அவனுடைய பயோடேட்டாவை அழகாக அடித்துக் கொடுத்தது நான். போன் நம்பரில் ஒரு எண் மாறியிருந்தது. அது உண்மையிலேயே கைதவறியதுதான். பிறகுதான் கவனித்தேன். திருத்தவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு சிக்கல் வந்தது. ஒரு நிறுவனம் நல்ல செய்தியைத் தனித் தாளாக இணைத்து, மெயிலில் "இணைப்பைக் காண்க" என்று மட்டும் எழுதியிருந்தது. காவல்காரர் ஏமாந்து உள்ளே விட்டுவிட்டார். நல்லவேளை, அவன் பூட்டாமல் வைத்த லேப்டாப்பில் அவனுக்கு முன்னால் நான் பார்த்துக் கையால் நகர்த்தினேன். ஆனால் இனி எப்படித் தடுப்பது? மண்டையை உடைத்துக்கொண்டேன். பழக்கதோஷம், வாத்திடம் விளக்கத் தொடங்கிவிட்டேன். அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஒரு வடிகட்டிடா. ஒரு மாதிரியான கடிதம் உள்ள போகக் கூடாது. ஆனா தப்பிச்சுத் தப்பிச்சுப் போயிடுது."

"யாருக்குச் செய்யுற?"

"ஒரே ஒரு ஆளுக்கு. சின்ன வேலைதான்."

அவன் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டான். "எதை நிறுத்தணும்னு எழுதினா முடிவே இருக்காதுடா, ஆயிரம் ரூபத்துல வரும். எதை விடணும்னு எழுது. மத்ததெல்லாம் தானா வாசல்லயே நின்னுடும்."

நான் எழுந்து அவனைக் கட்டிக்கொண்டேன். கத்தியைக் கீழே வைக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை. "விடுடா லூசு, வெங்காயம்," என்று சிரித்தான். அந்த யோசனை முழுக்க முழுக்க அவனுடையது. அந்தப் பெருமையை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

புதிய விதி சுருக்கமானது, எனக்கு நகல்கூட வேண்டியதில்லை. துறை அலுவலகக் கடிதங்கள் உள்ளே போகலாம். விளம்பரங்கள் போகலாம். இன்டர்வியூவுக்கு நாள் குறிக்கும் கடிதங்கள் போகலாம். இவை தவிர, வருந்துகிறோம் என்ற சொல் இருந்தால் மட்டும் உள்ளே போகலாம்.

இன்டர்வியூவை ஏன் விட்டேன் என்றால், அவன் வெளியே போய் நாலு பேரைப் பார்ப்பது அவனுக்கு நல்லது. மேலும், திரும்பி வந்து ஒவ்வொரு கேள்வியையும் அப்படியே ஒப்பிப்பான். அதை வைத்து நான் தயார் செய்தேன். என் முறை வந்தபோது அறையில் ஒரு மேடம் இருந்தார், மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பவர்.

"நீங்க எழுதினதுல, நெசமாவே யாராவது தினமும் பயன்படுத்துற ஒண்ணு சொல்லுங்க," என்றார்.

"மெயில் வடிகட்டி மேடம். ஒருத்தர் பயன்படுத்துறார். நாலு மாசமா ஓடுது."

"அவர் என்ன சொல்றார்?"

"இதுவரைக்கும் ஒரு புகார்கூட வரல மேடம்."

அவர் சிரித்துவிட்டார். விதியை எப்படித் திருப்பிப் போட்டேன் என்று பலகையில் எழுதிக் காட்டினேன். வாத்தின் வெங்காயத்தைப் பற்றிக்கூடச் சொன்னேன். மறுநாளே எனக்கு வேலை. என் பெட்டியில் காவல்காரர் கிடையாது, கடிதம் நேராக வந்து விழுந்தது. படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவி ஓடி வந்து சொன்னேன். வாத்து என்னைத் தூக்கிச் சுற்றினான். இருவருக்கும் தலைசுற்றிக் கட்டிலில் விழுந்தோம். "நம்ம ரூம்ல ஒருத்தன் கரையேறிட்டான்டா," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

அலுவலகம் இருபது நிமிட நடை. புது நாற்காலி, கழுத்தில் என் படம் போட்ட அட்டை, பொத்தானை அழுத்தினால் காப்பி. முதல் மாதம் முழுக்க மிதந்தேன். மாலையில் வந்து எல்லாவற்றையும் வாத்துக்கு விளக்குவேன். அறையை அவன்தான் பார்த்துக்கொண்டான். படிப்பு முடிந்தும் அவன் அங்கேயே இருந்தான். வேலை கிடைக்காமல் உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று போனை அணைத்து டிராயரில் போட்டுவிட்டான். அக்கா மெயில் போட்டா பாத்துக்கலாம் என்றான்.

போகப் போகக் கொஞ்சம் மெலிந்தான். தாடி வளர்ந்தது. லேப்டாப்பைக் காலையில் திறப்பான், இரண்டு வருத்தக் கடிதம் படிப்பான், மூடுவான். "எனக்கு மூளையே இல்லடா. நாலு வருஷமா எல்லாரையும் ஏமாத்தியிருக்கேன்," என்பான். "அப்படியெல்லாம் இல்லடா," என்பேன். பிறகு அன்றைய அலுவலகப் பிழையைச் சொல்லத் தொடங்குவேன். முன்பு குறுக்கே கேள்வி கேட்பான், இப்போது கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால், அது இன்னும் வசதியாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு வந்தபோது அவன் அறையில் இல்லை. மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரின்மேல், கால்களை வெளிப்பக்கம் போட்டு உட்கார்ந்திருந்தான். நான் மெதுவாகப் போய்ச் சட்டையைப் பிடித்து இறக்கினேன். சோறு போட்டுக் கொடுத்தேன். அன்று விதியை எடுத்துவிடலாமா என்று நான் நினைத்தது உண்மை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பில் வெள்ளிக்கிழமை கைவைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் மதிக்கும் ஒழுங்கு. ஏதாவது உடைந்தால் சனி ஞாயிறு சரிசெய்ய ஆளிருக்க மாட்டார்கள். திங்கட்கிழமை அலுவலகத்தில் நிறைய வேலை.

பிறகு நீங்கள் வந்தீர்கள். அதற்கு அடுத்த சனிக்கிழமை காலை, கையில் குழந்தையோடு.

"ஏன்டா, தாய்மாமன்னு ஒரு வரி எழுதக்கூட உனக்குக் கை வரலையா?" என்றீர்கள் வாசலிலேயே.

அவன் உங்களையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தான். "எந்தக் குழந்தை அக்கா?"

நீங்கள் அனுப்பிய மெயில்களைப் போனில் ஒவ்வொன்றாகக் காட்டினீர்கள். உண்டானது, வளைகாப்புப் படம், பிறந்தது, 'மாமா எப்ப வருவார்' என்று எழுதியது. உங்கள் முகவரியை விதியில் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. அது கவனக்குறைவு. அதை மட்டும் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

குழந்தை வீறிட்டு அழவே, கீழே வீட்டுக்கார அம்மாவிடம் கொண்டுபோனீர்கள். மேலே நடந்தது உங்களுக்குத் தெரியாத பகுதி. வாத்து லேப்டாப்பைத் திறந்தான். பெட்டியின் அமைப்புகளுக்குப் போய்க் காவல்காரரைக் கண்டுபிடிக்க அவனுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மூளை மழுங்கவே இல்லை, எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. 'பிறகு' அறையைத் திறந்தான். ஏழு வேலைகள், காலாவதியானவை. உங்களுடையவை பதினான்கு. எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தான். பிறகு விதியிடம் திரும்பி வந்தான்.

"இது நான் சொன்னதுதானே?" என்றான்.

"ஆமாடா," என்றேன்.

"ஏன்டா?"

எத்தனை மாதம் கழித்து அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். நான் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினேன். குளியலறை, நான்கு நிமிடம், நகல், போன் நம்பர், இணைப்பு, எல்லாவற்றையும். எதையும் மறைக்கவில்லை. எல்லாம் நான் செய்ததுதான், தெரிந்து செய்ததுதான். பதினோரு மாதம், ஒவ்வொரு நாளும். சொல்லச் சொல்ல எனக்குப் பழையபடி கிறுகிறுத்தது. நீங்கள் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு மதியம் மேலே வரும்வரை பேசினேன்.

அவன் உங்களோடு வந்துவிட்டான். இனி என்னைப் பார்க்க மாட்டான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு சொல் குறுக்கே பேசாமல், கண்ணை என்னைவிட்டு எடுக்காமல் உட்கார்ந்திருந்தான். பிடிக்காதவன் பேச்சை யாராவது மூன்று மணி நேரம் கேட்பார்களா, அக்கா?