வாசலில் கேட்ட கேள்வி

வாசல் காக்கிறவனுக்கு முதலில் கெட்டுப்போவது கால்தான், ஐயா. நாள் முழுக்க நின்று நின்று குதிகால் வெடித்துவிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் என் மனைவி பகவதி வேப்பெண்ணெய் தடவிவிடுவாள். அதனால் உட்காரச் சொன்னதற்கு நன்றி. இன்ஸ்பெக்டர் ஒருவர் இவ்வளவு மரியாதையாகக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. மரியாதையாகக் கேட்டால் மரியாதையாகச் சொல்லிவிடலாம்.

பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு முன்னால் துறைமுகத்தில் பஞ்சு மூட்டை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் காவல் இருந்தேன். வேலை முடிந்து போகிறவர்களின் மடியைத் தடவிப் பார்த்து வெளியே விடுவேன். பள்ளிக்கூடத்தில் அதற்கு நேர்மாறு. உள்ளே வருகிறவர்களைப் பார்க்க வேண்டும். மற்றபடி இரண்டும் ஒன்றுதான்.

பங்குனியில் கொழும்பில் குண்டு விழுந்ததும் தூத்துக்குடியில் பாதிச் சனம் கிராமங்களுக்கு ஓடியது உங்களுக்குத் தெரியும். பயம் தெளிந்து அவர்கள் திரும்பியபோது பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்களும் கூடவே வந்து சேர்ந்தார்கள். யார் யாருக்குச் சொந்தம் என்று ஒன்றும் விளங்காத நேரம். பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்ற பேச்சு வேறு. அப்போதுதான் எங்கள் பெரிய டீச்சர் அம்புஜவல்லி அம்மாள் அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். நல்ல ஏற்பாடு. பிள்ளையைப் பார்க்க யார் வந்தாலும் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். நான் பெயரும் ஊரும் உறவும் கேட்பேன். பிறகு வகுப்புக்குப் போய், வீட்டார் மட்டும் அறிந்த ஒரு விஷயத்தைப் பிள்ளையிடம் காதோடு கேட்டுக்கொண்டு வருவேன். அதையே வந்தவரிடமும் கேட்பேன். இரண்டு பதிலும் பொருந்தினால் கேட் திறக்கும்.

இரண்டு பதிலையும் கேட்கிறவன் நான் ஒருவன்தான். அதில் ஒரு ஓட்டை இருப்பது பெரிய டீச்சருக்குத் தோன்றவில்லை. அவர்கள் ஸ்ரீவைகுண்டத்துக்காரர்கள். சொன்ன சொல்லை நம்புகிறவர்கள்.

நான் கண்டிப்பாகத்தான் இருந்தேன். ஆறுமுகநேரியிலிருந்து ஒரு தாய்மாமன் அல்வாப் பொட்டலத்தோடு வந்தார். அக்காள் வீட்டு ஆட்டுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. உள்ளேயிருந்து பிள்ளை, "மாமா, மாமா" என்று அழுதது. பிள்ளை அழுவது ஏற்பாட்டில் இல்லை. திருப்பி அனுப்பினேன். அல்வாவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

சந்தனமாரி அந்தப் பள்ளியில்தான் இரண்டாம் வகுப்பு. பெற்ற மகள் என்று நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை. அவள் அப்பாவுக்கு ரங்கூனில் பலசரக்குக் கடை. படிப்புக்காக இங்கே எங்கள் அடுத்த வீட்டில், அத்தையிடம் விட்டிருந்தார்கள். அத்தையைக் காலரா கொண்டுபோயிற்று. அதற்குள் ரங்கூனில் குண்டு விழுந்து கடைத்தெருவே எரிந்துவிட்டதாகக் கப்பலில் வந்தவர்கள் சொன்னார்கள். பகவதிக்குப் பிறந்த பிள்ளை ஒன்றும் தங்கவில்லை. அவள் போய்ச் சந்தனமாரியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். ஊரில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இன்னொரு வயிற்றுக்குச் சோறு போட யார் போட்டிக்கு வருவார்கள்?

அந்தப் பிள்ளை தினமும் சாயங்காலம் தெருமுனையில் போய் நிற்கும். "அம்மா எப்ப வருவா?" என்று கேட்கும். அது பகவதிக்குப் பெரிய வேதனை. அதனால் ஆடி அமாவாசைக்குப் பிள்ளையைக் கடற்கரைக்கு அழைத்துப் போய், அது பார்க்க, அதன் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். "இனி அவங்க வரமாட்டாங்க. சாமிகிட்டப் போயிட்டாங்க" என்றேன். திரும்பி வரும்போதுதான் முதல்முறையாக என்னை அப்பா என்று கூப்பிட்டது. நான் ஒன்றும் கேட்டு வாங்கவில்லை.

அவள் வந்தது ஐப்பசியில். மத்தியானம், பிள்ளைகளுக்குச் சோறு கொண்டுவரும் பெண்கள் வாசலில் கூடுகிற நேரம். கேட்டுக்குப் பக்கத்தில் வறுகடலை விற்கிற அருணாசலவடிவு இருந்தாள். ஜட்கா வண்டிக்காரன் மந்திரமூர்த்தி குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். தலைமயிரை ஒட்ட வெட்டி, கன்னம் ஒட்டி, கறுத்துச் சுருண்டு ஒரு பொம்பளை கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலில் சேலைக் கிழிசலைச் சுற்றியிருந்தாள்.

"அண்ணாச்சி, எம் மவளப் பாக்கணும். சந்தனமாரின்னு பேரு. நான் அவ அம்மா, சண்முகவடிவு."

"எந்த ஊரு?"

"கீழவைப்பாரு. ரங்கூன்லேர்ந்து வாரேன். பாதி வழி நடந்தே வந்தேன். அவ அப்பா போயிட்டாரு அண்ணாச்சி. எனக்கு அவ மட்டுந்தான்."

அவள் யாரென்று எனக்குத் தெரியாது என்று போன தடவை உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. பேசும்போது கீழுதட்டை உள்ளே மடக்கினாள். சந்தனமாரியும் அப்படித்தான். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து நான் தினமும் பார்க்கிற உதடு. எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

இருந்தாலும் ஏற்பாடு என்று ஒன்று இருக்கிறதே. வகுப்புக்குப் போய்ச் சந்தனமாரியை வெளியே அழைத்து, "ரங்கூன்ல உங்கம்மா ஒன்ன என்ன சொல்லிக் கூப்பிடுவா?" என்று கேட்டேன்.

பிள்ளை சிரித்தது. "புளியங்கொட்டன்னு. பொறந்தப்ப கறுப்பா, மினுமினுன்னு இருந்தேனாம். ஏம்ப்பா கேக்கீய?"

"சும்மாதான். வெளிய ஒரு பிள்ளை பிடிக்கிறவ நிக்கா. மொட்டத்தல. அம்மான்னு சொல்லிக்கிட்டு வருவா. போனா கண்ணத் தோண்டிப் பிச்சையெடுக்க விட்டுருவா."

சிரிப்பு நின்றது. எனக்கே பாவமாக இருந்தது. தலையைத் தடவிக்கொடுத்து உள்ளே அனுப்பினேன்.

திரும்பும் வழியில் பெரிய டீச்சர் எதிர்ப்பட்டார்கள். "என்ன மாசானம், வாசல்ல யாரு?" என்று கேட்டார்கள். நீங்களே வந்து பாருங்கள் என்று அழைத்து வந்தேன். ஒளித்துச் செய்கிறவன் சாட்சிக்கு ஆள் கூப்பிடுவானா, ஐயா? அவர்கள் முன்னாலேயே அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

சண்முகவடிவின் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு லேசான கேள்வியா என்பது போல. "புளியங்கொட்ட. எம் புளியங்கொட்ட" என்றாள்.

"தப்பு," என்றேன். "பிள்ளை கிளின்னு சொல்லுது."

சத்தமாகச் சொல்லவில்லை. கிட்டங்கியிலும் சரி, இங்கேயும் சரி, நான் குரலை உயர்த்தியதே கிடையாது. அவள் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு, "இல்ல அண்ணாச்சி, நல்லாக் கேளுங்க. மறந்திருப்பா, சின்னப் பிள்ளதான. ஒருக்கா மொகத்தக் காட்டுங்க, போதும்" என்றாள். பெரிய டீச்சருக்கு மனம் இளகுவது தெரிந்தது. அதற்குள் நான் அருணாசலவடிவின் பக்கம் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னேன். பிள்ளை பிடிக்கிறவ. அவ்வளவுதான். எந்தப் பேச்சை எங்கே போட்டால் பரவும் என்று வாசலில் நிற்கிறவனுக்குத் தெரியும்.

"ஏளா, பிள்ள பிடிக்க வந்திருக்காடீ!" என்று அருணாசலவடிவுதான் கத்தினாள். அதற்கு நான் பொறுப்பில்லை.

சண்முகவடிவு கம்பியை விடவில்லை. பெரிய டீச்சர் பேசுவதற்காகப் பாதி திறந்திருந்த கேட்டை நான் இழுத்து அடைத்தேன். கையை எடு என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் அடைத்தேன். அவள் எடுக்கவில்லை. அவள் அலறியது சந்தனமாரியைக் கூப்பிட்டு. அந்த அலறலில் பிள்ளை நடைக்கு ஓடி வந்துவிட்டது.

பெரிய டீச்சர், "பிள்ளையையே கேட்டுடலாமே மாசானம்" என்றார்கள். நியாயம்தானே? நான்தான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினேன். வெளியே மந்திரமூர்த்தி அவள் பிடரியைப் பிடித்திருந்தான். அவள் வாயில் ரத்தம். மொட்டைத் தலை. "இவ யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன். பிள்ளை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "தெரியாது" என்றது.

பெரிய டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்கள். நானும் பிள்ளையோடு திரும்பினேன். சாலை போடுவதற்குக் குவித்து வைத்திருந்த சரளைக் கல்லைச் சனங்கள் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அப்போது அவள் ஒரே ஒரு முறை, "புளியங்கொட்ட!" என்று கூப்பிட்டாள். என் தோளில் கிடந்த பிள்ளை நிமிர்ந்தது. நான் அதன் காதைப் பொத்தினேன். பொத்துவதற்குக் கொஞ்சம் பிந்திவிட்டது.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள் என்று சொன்னார்கள். நான் கல்லைத் தொடவில்லை. மந்திரமூர்த்தியையும் மற்றவர்களையும் நீங்கள் பிடித்து உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர்கள் நான் சொன்னதை நம்பினவர்கள். அவளோடு பர்மாவிலிருந்து நடந்து வந்த சுந்தர்சிங், நம்ம நாசரேத்திலிருந்து அவளைத் தேடிக்கொண்டு வந்திராவிட்டால் அவர்களுக்கு இன்றைக்கும் அவள் யாரென்று தெரிந்திராது. காட்டில் அவளுக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் அந்தச் செல்லப் பெயரைச் சொல்லித்தான் பிதற்றினாள் என்று அவன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். என்னிடமும் சொன்னான். நல்ல மனிதன்.

ஆக, தெரிந்துதான் செய்தேன். அவள்தான் தாய் என்று தெரிந்து, சரியான பதிலைத் தப்பென்று சொல்லி, கல்லெறிகிற கூட்டத்தின் கையில் அவளைக் கொடுத்தேன். எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இதை நான் ஒளிக்காமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. கீழவைப்பாரிலிருந்து அவள் அண்ணன் காசிலிங்கம் வந்து, தங்கச்சி மகளை என்னோடு அனுப்புங்கள் என்று கேட்கிறானாமே. அது வேண்டாம், ஐயா. அந்தப் பிள்ளை அவனைப் பார்த்ததுகூட இல்லை. நான் ஜெயிலுக்குப் போனாலும் பகவதி இருக்கிறாள். அவளோடேயே விட்டுவிடுங்கள். பெற்றவர்கள்கூட இப்படி வளர்த்திருக்க முடியாது. நீங்களே வீட்டுக்கு வந்து பாருங்கள். அந்தப் பிள்ளை முன்பு போலத் தெருமுனையில் போய் நிற்பதில்லை. அம்மா எங்கே என்று கேட்பதில்லை. உட்கார் என்றால் உட்காரும், சாப்பிடு என்றால் சாப்பிடும். அன்றைக்குப் பிறகு என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசினதில்லை.

யாரிடமும் ஒரு வார்த்தை பேசினதில்லை.